வெர்மான்ட் ஜெயித்தது குருட்டு அதிர்ஷ்டமா? பர்லிங்டன் போகும் தம்பிக்கு

ஜூலை 2025

அன்புள்ள தம்பிக்கு,

பர்லிங்டனில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்த செய்தியோடு ஒரு கேள்வியையும் சேர்த்து அனுப்பியிருந்தாய். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் மொத்தத்துக்குமே ஆறரை லட்சம் பேர்தான், அந்த ஊர்ப் பல்கலைக்கழகம் 2024 டிசம்பரில் கல்லூரிகளுக்கான ஆண்கள் கால்பந்தில் தேசிய சாம்பியன் ஆனது எப்படி, குருட்டு அதிர்ஷ்டமா என்று. கடைசி இருபது நிமிடத்துக்கு வேண்டுமானால் அதிர்ஷ்டம் என்ற சொல்லை ஒப்புக்கொள்கிறேன். அதற்கு முந்தைய நான்கு சீசன்களுக்கு ஒப்புக்கொள்ள மாட்டேன்.

முதலில் அந்த இருபது நிமிடத்தைச் சொல்லிவிடுகிறேன். 2024 டிசம்பர் 16, திங்கட்கிழமை, வட கரோலினாவின் கேரி நகரம். எதிரே மார்ஷல் பல்கலைக்கழகம். இரண்டாம் பாதியில் மார்ஷலின் டாரிக் பான்ஹோல்சர் ஒரு கோல் போட்டு விட்டார். 81வது நிமிடத்தில் மார்செல் பாப் அடித்த பந்து உள்ளே போய் 1-1 ஆனது. ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போயிற்று. 95வது நிமிடத்தில் பின்னாலிருந்து நீளமாக வந்த பந்தைத் துரத்தி, தற்காப்பு வீரரையும் முன்னேறி வந்த கோல்கீப்பரையும் தாண்டி, காலியாகக் கிடந்த வலைக்குள் தட்டிவிட்டார் மாக்ஸிமிலியன் கிஸ்ஸல். 2-1. கோல்கீப்பர் தன் இடத்திலேயே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மார்ஷல் ரசிகர்கள் இன்னும் புலம்பிக்கொண்டிருக்கலாம். சரி, அது அதிர்ஷ்டக் கணக்கு.

ஆனால் அந்த சீசனின் முழுக் கணக்கு 16-2-6. இதை எப்படிப் படிப்பது என்று தெரிந்துகொள், இல்லாவிட்டால் அங்கே போனதும் குழம்புவாய். வெற்றி, தோல்வி, சமன் என்பதுதான் அமெரிக்க வரிசை. நாம் ஐரோப்பிய லீக் பட்டியலில் பார்க்கும் வெற்றி, சமன், தோல்வி என்ற வரிசையில் படித்தால் ஆறு தோல்வி என்று தப்பாக நினைத்துவிடுவாய். தோற்றது இரண்டே இரண்டு. இன்னொன்று, பெனால்டி ஷூட்அவுட்டில் ஜெயித்த ஆட்டமும் ஏட்டில் சமன்தான். அரையிறுதியில் டென்வருடன் 1-1, ஷூட்அவுட்டில் 4-3 என்று வென்றார்களே, அது அந்த ஆறில் ஒன்று. 24 ஆட்டத்தில் இரண்டு முறை மட்டும் தோற்ற அணியை அதிர்ஷ்டக்கார அணி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்படியிருந்தும் அந்த அணிக்கு சீடிங், அதாவது பலமான அணிகளுக்குப் போட்டிக்கு முன்பே தரும் வரிசை எண், கிடைக்கவில்லை. ஏன் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

தேசியப் போட்டிக்கு 48 அணிகள். அதில் 16 அணிகளுக்கு சீடிங். இந்த 16 அணிகளுக்கும் முதல் சுற்று கிடையாது. இரண்டாம் சுற்றை நேராகச் சொந்த மைதானத்தில் தொடங்கலாம். மிச்சம் 32 அணிகளும் முதல் சுற்றிலிருந்தே ஆட வேண்டும். அதாவது கோப்பைக்கு சீடிங் உள்ள அணி ஐந்து ஆட்டம் தாண்டினால் போதும், இல்லாத அணி ஆறு தாண்ட வேண்டும். இந்த ஆறும் நவம்பர் மூன்றாம் வாரத்துக்கும் டிசம்பர் நடுவுக்கும் இடையில் முடிந்துவிடும். அரையிறுதி வெள்ளிக்கிழமை என்றால் இறுதி திங்கட்கிழமை. நடுவில் ஓய்வு இரண்டு நாள்.

யாருக்கு இடம், யாருக்கு சீடிங் என்று தேர்வுக்குழு முடிவு செய்யும்போது கையில் வைத்திருக்கும் முக்கியமான எண்ணுக்குப் பெயர் ஆர்பிஐ. நம் ரிசர்வ் வங்கி இல்லை, பயந்துவிடாதே. அடிப்படைச் சூத்திரம் எளிது: உன் வெற்றி விகிதத்துக்கு 25 சதம், உன்னோடு ஆடியவர்களின் வெற்றி விகிதத்துக்கு 50 சதம், அவர்களோடு ஆடியவர்களின் விகிதத்துக்கு 25 சதம். இதன் மேல் சில திருத்தங்கள் உண்டு, அவை இப்போது வேண்டாம். கூர்ந்து பார்: நீ ஜெயிப்பதைவிட நீ யாரோடு ஆடினாய் என்பதற்கு எடை அதிகம்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். அ என்ற அணி 18 ஆட்டத்தில் 14 வெற்றி, விகிதம் 0.778. எதிரணிகள் சராசரியாக 0.500, அவர்களின் எதிரணிகளும் 0.500. கூட்டினால் 0.194 + 0.250 + 0.125 = 0.569. ஆ என்ற அணி 18 ஆட்டத்தில் 10 மட்டுமே வெற்றி, விகிதம் 0.556. ஆனால் எதிரணிகள் 0.620, அவர்களின் எதிரணிகள் 0.550. கூட்டினால் 0.139 + 0.310 + 0.138 = 0.587. நான்கு ஆட்டம் கூடுதலாக ஜெயித்த அணி கீழே நிற்கிறது. இந்த மாதிரிப் பட்டியலில் மூன்றாவது தசம இடத்து வித்தியாசம்கூட ஒரு அணியை மேலும் கீழும் தள்ளிவிடும்.

இப்போது வெர்மான்ட்டை இதில் வைத்துப் பார். அவர்களுடைய கான்ஃபரன்ஸ், அதாவது சீசன்தோறும் தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் கல்லூரிகளின் குழு, அமெரிக்கா ஈஸ்ட். நியூ ஹாம்ப்ஷயர், பிரயன்ட், அல்பனி, பிங்ஹாம்டன், மாஸ் லோயல், யுஎம்பிசி, என்ஜேஐடி ஆகியோருடன் ஆளுக்கு ஒன்று என்று ஏழு ஆட்டம். இவற்றில் நியூ ஹாம்ப்ஷயர் போன்ற ஒன்றிரண்டைத் தவிர மற்றவை எண்ணைக் கீழேதான் இழுக்கும். ஏழு ஆட்டத்தையும் ஜெயித்தாலும் பெரிய லாபமில்லை. சின்ன அணியிடம் ஒன்று தோற்றால் பெரிய அடி. ஏசிசி மாதிரிப் பெரிய கான்ஃபரன்ஸில் இருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. அங்கே தோற்றாலும் பலமான அணியிடம்தான் தோற்கிறாய், 50 சதப் பங்கு உன்னைத் தாங்கிக்கொள்ளும்.

ஆகவே இந்த மாதிரி அணியின் விதி ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் எழுதப்படுகிறது. கான்ஃபரன்ஸுக்கு வெளியே யாரோடு ஆடுவது என்பது பயிற்சியாளர் கையில். பெரிய அணிகள் இப்படிப்பட்ட அணியின் ஊருக்கு வருவதற்குத் தயங்கும். வந்து தோற்றால் அவர்கள் எண் அடிபடும். எனவே இவர்கள்தான் பஸ் ஏறிப் போக வேண்டியிருக்கும். நீ அட்டவணையைப் பார்க்கும்போது செப்டம்பரில் வெளியூர் ஆட்டம் எத்தனை, எதிரணி யார் என்று முதலில் பார். சொந்த ஊரில் பலவீனமான அணிகளாக வரிசையாக இருந்தால், அக்டோபரில் 10-1-2 என்று கணக்கு மின்னினாலும் சந்தோஷப்படாதே.

2017இல் தலைமைப் பயிற்சியாளரான ராப் டோ இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டவர். 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு முறை அணி தேசியப் போட்டிக்குப் போனது. இதில் 2022தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த ஆண்டு காலிறுதி வரை வந்து, சிரக்யூஸிடம் அவர்கள் மைதானத்தில் 2-1 என்று தோற்றார்கள். அதே சிரக்யூஸ் பத்து நாளில் இண்டியானாவை ஷூட்அவுட்டில் 7-6 என்று வீழ்த்திக் கோப்பையைத் தூக்கியது. சாம்பியனுக்கும் வெர்மான்ட்டுக்கும் இடையே அன்றே ஒரு கோல்தான் தூரம். 2024ஐ அதிசயம் என்று எழுதியவர்கள் இந்த ஆட்டத்தை மறந்துவிட்டார்கள்.

2024இன் பாதையைக் கேள். அயோனா, ஹாஃப்ஸ்ட்ரா, சான் டியேகோ என்று மூன்று சுற்று. காலிறுதியில் இரண்டாம் சீடிங் பெற்ற பிட்ஸ்பர்க்கை அவர்கள் மைதானத்திலேயே 2-0 என்று வென்றார்கள். என் கணக்கில் அந்த சீசனின் உண்மையான ஆட்டம் அதுதான். இறுதி ஆட்டத்தைக்கூட அதற்கு அடுத்த இடத்தில்தான் வைப்பேன். பிறகு டென்வர், பிறகு மார்ஷல்.

மார்ஷலைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேற்கு வர்ஜினியாவின் ஹன்டிங்டன் ஊர் அணி அது. கிறிஸ் கிராஸி பயிற்சியாளர். கோவிட்டால் 2021 வசந்தத்துக்குத் தள்ளிப்போன 2020 சீசனில் அவர்களும் சீடிங் இல்லாமல் வந்தவர்கள்தான். முதல் சீடிங் பெற்ற கிளெம்சனை ஷூட்அவுட்டில், முந்தைய சாம்பியன் ஜார்ஜ்டவுனை 1-0, வட கரோலினாவை 1-0, இறுதியில் இண்டியானாவை ஜமீல் ராபர்ட்ஸின் 98வது நிமிட கோலால் 1-0. இப்படி ஒரு கோல் வித்தியாசத்தில் ஊர்ந்து ஊர்ந்து கோப்பை வாங்கினார்கள். வெர்மான்ட்டுக்கு வழி காட்டியவர்களே இறுதியில் எதிரே நின்றார்கள்.

ஒரு கேள்வி உனக்கு வந்திருக்க வேண்டும். மூன்றரை வாரத்தில் ஆறு ஆட்டம், அதில் இரண்டு கூடுதல் நேரம். கால் எப்படித் தாங்கியது? இதற்கு பதில் மாற்று வீரர் விதியில் இருக்கிறது. கல்லூரி ஆட்டத்தில் ஃபிஃபா மாதிரி ஐந்து மாற்று என்ற கட்டுப்பாடு இல்லை. முதல் பாதியில் வெளியே போனவர் இடைவேளை வரை திரும்பி வர முடியாது. இரண்டாம் பாதியில் வெளியே போனவர் ஒரு முறை திரும்பலாம். ஆகவே முன்களத்தில் இருவரை வைத்து 25 நிமிடம் மூச்சுமுட்ட ஓடவிட்டு, அவர்களைக் கூப்பிட்டுக்கொண்டு வேறு இருவரை அனுப்பலாம். இடைவேளைக்குப் பிறகு பழைய இருவரும் புதுக் காலோடு வருவார்கள். எதிரணித் தற்காப்பு வீரர்கள் நால்வரும் பெரும்பாலும் 90 நிமிடமும் நிற்பவர்கள். 75வது நிமிடத்துக்கு மேல் அவர்கள் கால் கனக்கும்போதுதான் 81, 95 மாதிரி நிமிடங்கள் வருகின்றன. இதில் தப்பு எங்கே நடக்கும் என்றால், 30வது நிமிடத்தில் அவசரப்பட்டு மூவரை வெளியே எடுப்பதில். பிறகு 35இல் ஒருவருக்குக் காயம் பட்டால் பெஞ்சில் அந்த இடத்துக்கு ஆள் இருக்காது, எடுத்தவரையும் திரும்ப அனுப்ப முடியாது.

கடிகாரமும் வேறு மாதிரி. 45:00இலிருந்து கீழ்நோக்கி ஓடும், நடுவர் கைகாட்டினால் நிற்கும், காயநேரம் என்று ஒன்று கிடையாது. கடைசிப் பத்து நொடியை ஒலிபெருக்கியில் எண்ணுவார்கள். முதல் தடவை கேட்கும்போது கபடி ஆட்டமோ என்று தோன்றும்.

இனி வயசு. ஆங்கிலேயரும் ஜெர்மானியரும் இந்த அணிகளில் நிறைய இருப்பதைப் பார்ப்பாய். பள்ளி முடித்த பிறகு ஓராண்டு வரை அமைப்பு சார்ந்த போட்டியில் ஆடிவிட்டு வரலாம். அதற்கு மேல் ஆடினால், கல்லூரியில் ஆடக் கிடைக்கும் நான்கு சீசனில் ஆண்டுக்கு ஒன்றைக் கழித்துவிடுவார்கள். எனவே கிளப் அகாடமியில் இடம் நழுவிய 19 வயதுப் பையன் தேர்ந்த ஆட்டக்காரனாகவே முதலாண்டில் நுழைகிறான். அதோடு கோவிட் ஆண்டை யார் கணக்கிலும் சேர்க்கவில்லை. 2020இல் முதலாண்டு சேர்ந்தவன் 2024இலும் ஆட முடிந்தது. 23, 24 வயது ஆட்கள் நிறைந்த அணிகளின் கடைசி சீசன் என்று 2024ஐச் சொல்லலாம். சின்னக் கல்லூரிகளுக்கு இது லாபம். பெரிய அணியின் நல்ல 19 வயதுக்காரனைவிட ஐந்தாம் ஆண்டு ஆள் உடம்பிலும் நிதானத்திலும் கெட்டி.

பணம்? 2025 வரை ஆண்கள் கால்பந்துக்கு ஒரு கல்லூரி தரக்கூடியது 9.9 முழு உதவித்தொகையாக இருந்தது. முப்பது பேர் அணியில் பிரித்தால் தலைக்கு மூன்றில் ஒரு பங்கு. பணக்காரக் கல்லூரியும் அதற்கு மேல் போக முடியாது என்பதால் இடைவெளி அடக்கத்தில் இருந்தது. 2025 ஜூன் மாதம் நீதிமன்றம் ஒப்புதல் தந்த உடன்படிக்கையின்படி, அதில் சேரும் கல்லூரிகளுக்கு இந்த வரம்பு போய், அணிக்கு 28 பேர் என்ற வரம்பு வந்துவிட்டது. விருப்பமுள்ளவர் 28 பேருக்கும் முழுத் தொகை தரலாம். பர்லிங்டனுக்கு இது நல்ல செய்தி என்று எனக்குத் தோன்றவில்லை.

டோ அங்கே இல்லை என்பது உனக்குத் தெரிந்திருக்கும். கோப்பை வாங்கிய சூடு ஆறுமுன் பென் ஸ்டேட் அவரை அழைத்துக்கொண்டது. உதவிப் பயிற்சியாளர்களில் மூத்தவரான ஏட்ரியன் டூபுவா பொறுப்பேற்றார். தலைமைப் பயிற்சியாளர் மாறியபோது அந்த அணி வீரர்களுக்கு ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல், அதாவது வேறு கல்லூரிக்கு மாற விரும்புபவர்கள் பெயர் பதியும் பட்டியல், 30 நாள் திறந்திருக்கும் என்பது விதி. உள்ளேயிருந்தே ஆளை உயர்த்தியதற்கு இதுவும் ஒரு நல்ல காரணம்: தெரிந்த முகம் இருந்தால் பெட்டி கட்டுபவர்கள் குறைவார்கள்.

நீ ஆகஸ்டில் இறங்கியதும் செய்ய வேண்டியது ஒன்று. அணியின் இணையப் பக்கத்தில் வீரர் பட்டியலைத் திற. பெயருக்குப் பக்கத்தில் ஆண்டு போட்டிருக்கும். சீனியர், கிராஜுவேட் எத்தனை பேர் என்று எண்ணு. அதில் தற்காப்பின் நடுவிலும் கோல்கீப்பர் இடத்திலும் இருப்பவர்கள் யார், 2024இல் ஆடியவர்கள் எத்தனை பேர் என்று குறித்துக்கொள். முன்களத்தில் ஆளை போர்ட்டலில் வாங்கிவிடலாம். முதுகெலும்பை ஒரு கோடையில் வாங்க முடியாது. பிறகு செப்டம்பர் அட்டவணை. இந்த இரண்டையும் பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அணியின் சொந்த மைதானமான வர்ச்சூ ஃபீல்டில் செயற்கைப் புல். நவம்பர் ஆட்டத்துக்கு ஸ்வெட்டர் மட்டும் போட்டுக்கொண்டு போகாதே, ஏரிக் காற்று எலும்பில் ஏறும். உட்கார ஒரு தடித்த துணியும் எடுத்துக்கொள். இருக்கை சில்லென்று இருக்கும்.

அன்புடன்,
அண்ணன்