ஆவணி முகூர்த்தங்களுக்கு முன் அண்ணனுக்கு ஒரு கடிதம்

சான் ஹோசே, கலிஃபோர்னியா
27.7.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். இங்கு நாங்கள் அனைவரும் நலம். அங்கு நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவின் மூட்டுவலி இப்போது எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா வேலைகள் தொடங்கியிருக்கும். கல்யாணச் சமையல் ஆர்டர்கள் இல்லாத மாதம் என்பதால் உங்களுக்கும் சற்று ஓய்வு கிடைத்திருக்கும். ஆவணி பிறந்துவிட்டால் உங்களைப் பிடிக்க முடியாது என்பதால், பந்தியில் மிஞ்சும் சாப்பாட்டைப் பற்றி நெடுநாளாக மனத்தில் இருப்பதை இப்போதே எழுதிவிடுகிறேன்.

நான் வேலை செய்யும் சமையற்கூடம் நடத்துவது நம் தொழில்தான்; கம்பெனிகளுக்கு மதியச் சாப்பாடு செய்து கொடுக்கும் ஒப்பந்தச் சமையல். சேலத்தில் கடைசிப் பந்தி எழுந்த பிறகு நடப்பது உங்களுக்குத் தெரியும். பாத்திரம் கழுவும் அக்காக்களுக்கும் தெரிந்தவர்களுக்கும் தூக்கு வாளியில் கொடுத்தனுப்பியது போக, அண்டாவில் நிற்பது மாநகராட்சி வண்டியில் ஏறிச் செட்டிச்சாவடிக் குப்பைக் கிடங்குக்குப் போய்விடுகிறது. நல்ல துவரம்பருப்பும் நெய்யும் போட்டு, விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டிச் செய்த சாப்பாடு அது.

இங்கே அப்படிக் கொட்டுவதற்குச் சட்டம் இடம் தருவதில்லை. கலிஃபோர்னியாவில் 2016இல் எஸ்.பி. 1383 என்ற சட்டம் வந்தது. அதன்படி 2022 ஜனவரி முதல் சூப்பர் மார்க்கெட்டுகள், மொத்த வியாபாரிகள், எங்களைப் போன்ற ஒப்பந்தச் சமையல்காரர்கள் ஆகியோரும், 2024 ஜனவரி முதல் பெரிய உணவகங்கள், 200 அறைகளோ அதற்கு மேலோ உள்ள விடுதிகள், பெரிய விழா அரங்குகள் ஆகியவையும், குப்பைக்குப் போகவிருந்த உண்ணத்தக்க உணவை இயன்ற அளவு முழுவதும் கொடுத்துவிட வேண்டும். வாங்கிக்கொள்ளும் அமைப்போடு எழுத்து மூலம் ஒப்பந்தம் இருக்க வேண்டும். மாதத்துக்கு எத்தனை பவுண்டு எடை உணவு கொடுத்தோம் என்று பதிவேடு வைக்க வேண்டும். கொடுக்கக்கூடிய உணவை வேண்டுமென்றே கெடுத்து எறிவது குற்றம். குப்பைமேட்டில் காற்றுப் புகாமல் அழுகும் உணவு மீத்தேன் வாயுவாக மாறிப் பூமியைச் சூடாக்குகிறது என்பதுதான் இந்தச் சட்டத்தின் அடிப்படைக் காரணம். ஆனால் அடுப்படியில் நிற்கும் எனக்கு, அந்த உணவு ஒருவருடைய தட்டுக்குப் போய்ச் சேருகிறது என்பதே பெரிதாகப் படுகிறது.

வேலை நடக்கும் முறையைச் சொல்கிறேன். பரிமாறும் மேசைக்குப் போய்த் திரும்பிய எதையும் நாங்கள் கொடுப்பதில்லை. அடுக்களையை விட்டு வெளியே போகாத உணவு மட்டுமே கொடுக்கப்படும். குழம்பு வகை மிஞ்சினால், பெரிய பாத்திரத்திலேயே விடாமல் இரண்டு அங்குல ஆழமுள்ள தட்டையான தட்டுகளில் ஊற்றுகிறோம். உள்ளே தண்ணீர் உறைந்த ஒரு பிளாஸ்டிக் துடுப்பை விட்டுக் கிளறி, நடுவில் வெப்பமானியைக் குத்திப் பார்க்கிறோம். 57 டிகிரி செல்சியஸிலிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள்ளும், அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கும் இறங்கியாக வேண்டும். பிறகு தட்டுகளை மூடி, உணவின் பெயர், சமைத்த நேரம், அதில் பாலோ கடலையோ கோதுமையோ இருக்கிறதா என்ற விவரம் எல்லாம் எழுதிய சீட்டை ஒட்டி, தராசில் நிறுத்து, குளிர்சாதன வண்டியில் ஏற்றுகிறோம்.

சாதத்தில் எல்லோரும் கூடுதல் கவனமாக இருக்கிறார்கள். அரிசியில் உள்ள ஒரு வகை நுண்ணுயிரியின் வித்துகள் வேகும் சூட்டிலும் சாவதில்லை. சாதம் வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. வைகாசி வெயிலில் மண்டபத்துப் பின்கட்டில் மாலை வரை கிடந்த சாதத்தை, ஊசிப்போன வாடை வரவில்லை என்பதற்காக ஒரு முதியோர் இல்லத்துக்கு அனுப்புவது தர்மம் ஆகாது அண்ணா.

"யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் நம் பெயர் என்னாவது" என்று நீங்கள் முன்பு கேட்டது நியாயமான கேள்வி. அந்த அச்சம் இங்கும் இருந்தது. அதற்காகவே 1996இல் பில் எமர்சன் சட்டம் கொண்டுவந்தார்கள். நல்லெண்ணத்தோடு உணவு கொடுத்தவர்மீது, பெரும் கவனக்குறைவோ தீய நோக்கமோ இல்லாதவரை, வழக்கு நிற்காது. நம் நாட்டிலும் உணவுப் பாதுகாப்பு ஆணையம் மீந்த உணவைச் சேகரித்து விநியோகிப்பதற்கென்று 2019இல் விதிமுறைகளை வெளியிட்டு, 2020 ஜூலையில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆகவே யாரோ வந்து வாங்கிப் போனார் என்றில்லாமல், பதிவு பெற்ற அமைப்பிடம் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். கோயம்புத்தூரில் 2014இல் தொடங்கிய நோ ஃபுட் வேஸ்ட் என்ற தொண்டு அமைப்பு போன்றவர்கள் இதையே முழுநேர வேலையாகச் செய்கிறார்கள்.

இங்குள்ள குளிரூட்டும் வசதி உங்களிடம் இல்லை என்பது எனக்குத் தெரியும். அதனால் ஆறவைக்கும் வழியை விட்டுவிட்டு, சூடு குறையாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழியைப் பிடியுங்கள். இரண்டாம் பந்தி எழும்போதே எந்த அண்டா மிஞ்சும் என்று மாஸ்டருக்குத் தெரிந்துவிடும். அப்போதே போன் போய்விட வேண்டும். அந்த அண்டாவில் கரண்டி விடாமல் சிறு தீயில் 60 டிகிரிக்கு மேல் வைத்திருந்து, வண்டி வந்ததும் ஹாட் பாக்ஸில் மாற்றி அனுப்பினால், அம்மாபேட்டையிலிருந்து சூரமங்கலம் போவதற்குள் ஒன்றும் ஆகாது. தேங்காய்ச் சட்னி, தயிர்ப் பச்சடி, பந்தியில் சுற்றி வந்த வாளிகளில் இருப்பது ஆகியவற்றை ஒருபோதும் கொடுக்க வேண்டாம். ஏற்காட்டில் ஆர்டர் எடுத்தால், இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறக்கிச் சேலத்துக்குக் கொண்டுவர நினைக்காமல், மலையிலேயே வாங்கிக்கொள்பவர்களை முன்கூட்டியே பேசி வையுங்கள். இரவு வரவேற்புதான் கடினம். பத்தரை மணிக்கு மேல் எந்த இல்லத்திலும் சாப்பிட மாட்டார்கள். அன்றைக்கு லட்டு, மைசூர்பாகு போன்றவற்றை மறுநாள் கொடுக்கலாமே தவிர, மற்றவற்றை அளவாகச் சமைப்பது ஒன்றே வழி.

அந்த அளவைக் காட்டிக்கொடுப்பது தராசுதான். ஐ.நா.வின் 2024ஆம் ஆண்டு அறிக்கைப்படி, 2022இல் உலகில் வீணான உணவு 105 கோடி டன். அதில் 28 சதவீதம் நம்மைப் போன்ற உணவுத் தொழிலிலிருந்து போனது. நாங்கள் நிறுக்கத் தொடங்கிய பிறகு, எந்தக் கிழமையில் எது மிஞ்சுகிறது என்பது ஏட்டிலேயே தெரிந்தது. சமைக்கும் அளவு குறைந்தது, கொள்முதலும் குறைந்தது. பெண் வீட்டாரிடம் "ஆயிரம் பேருக்குச் செய்தால் இவ்வளவு மிஞ்சுகிறது" என்று கணக்கைக் காட்டிப் பேச உங்களுக்கும் அது உதவும்.

நண்பர் ஒருவர் ஆகஸ்ட் இரண்டாம் வாரம் சேலம் வருகிறார். அவரிடம் குத்திப் பார்க்கும் வெப்பமானி இரண்டு கொடுத்தனுப்புகிறேன். ஒன்றை மாஸ்டரிடமும் மற்றொன்றை வண்டியோடு போகும் பையனிடமும் கொடுங்கள். ஆவணி முதல் முகூர்த்தம் முடிந்ததும் எது மிஞ்சியது, எது போய்ச் சேர்ந்தது, எங்கே தடங்கல் வந்தது என்று மறக்காமல் எழுதுங்கள். அம்மாவுக்கும் அண்ணிக்கும் என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தம்பி