காய்ச்சல் விட்ட அன்று உதவிக்கு வந்தவர்களுக்கு

மகன் டெங்குக் காய்ச்சலிலிருந்து தேறி, மறுபடி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டான். பள்ளத்தூரில் தெருவுக்குத் தெரு நிறுத்தி "இப்ப எப்படி இருக்கான்?" என்று கேட்கிறீர்கள், நின்று முழுக்கதையும் சொல்ல நேரமில்லை, அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நன்றாக இருக்கிறான். உடம்புதான் இளைத்திருக்கிறது, வாய் இளைக்கவில்லை.

முதல் நன்றி எங்கள் வீட்டுக்கார ஆச்சிக்கு. அவர்கள் வீட்டின் பின்கட்டில்தான் குடியிருக்கிறோம். டெங்கு என்று ரத்தப் பரிசோதனையில் முன்பே தெரிந்து, கஞ்சி, இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் என்று கொடுத்துக்கொண்டு வீட்டில்தான் வைத்திருந்தோம். அன்று காலை காய்ச்சல் விட்டது. தெர்மாமீட்டர் 98 காட்டியதும் எங்களுக்கெல்லாம் உயிர் வந்தது, அப்பத்தா குன்றக்குடி முருகனுக்குக் காசு முடிந்து வைத்தார். ஆச்சி வந்து பார்த்தார், நெற்றியைத் தொடவே இல்லை, நேரே பாதத்தைத் தொட்டார். "காய்ச்சல் விட்டா பசிக்குதுன்னு எந்திரிச்சு உக்காரணும்ல, இவன் என்ன இப்படித் துவண்டு கெடக்கான்? காலு சில்லுன்னு இருக்கே" என்றார். அந்த ஒரு கேள்விதான் ஆச்சி, மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வந்தது.

அடுத்து நம் கிராமச் சுகாதார செவிலியர் அக்கா. போனில் அவர் காய்ச்சல் எவ்வளவு என்று கேட்கவே இல்லை. கடைசியாக எப்போது ஒன்றுக்குப் போனான், வாந்தி நிற்காமல் வருகிறதா, வயிறு வலிக்கிறது என்கிறானா, ஈறில் மூக்கில் ரத்தம் உண்டா, கூப்பிட்டால் சரியாகப் பதில் சொல்கிறானா, இவ்வளவுதான். அப்புறம் அவன் விரல் நகத்தை அழுத்திவிட்டு விடச் சொன்னார். வெளுத்த நகம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டுமாம், இவனுக்கு அதற்கு மேலும் ஆனது. டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஆபத்தான நேரம், அதிலிருந்து ஒன்றிரண்டு நாள் கண்ணை எடுக்கக் கூடாது, இப்போதே கிளம்புங்கள், ராத்திரியும் ரத்தம் பார்க்கிற, குழந்தைகள் வார்டு உள்ள ஆஸ்பத்திரிக்கே நேராகப் போங்கள் என்றார். அக்கா, நீங்கள் பயமுறுத்தவும் இல்லை, "ஒண்ணும் இல்லை, பயப்படாதீங்க" என்று மழுப்பவும் இல்லை. அப்படிப் பேசுகிறவர்கள் குறைவு.

ஆட்டோ அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. சாப்பிட உட்கார்ந்தவர் இலையை மூடிவிட்டு வந்தார், கோட்டையூர் வழியாகக் காரைக்குடிக்கு மேடு பள்ளம் தெரியாமல் கொண்டு சேர்த்தார், காசு வாங்க மாட்டேன் என்கிறார். வாங்கிக்கொள்ளுங்கள் அண்ணே.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நாடி பார்த்து, குழந்தைகளுக்கான சின்னப் பட்டை கட்டி பிபி பார்த்து, ரத்தம் எடுத்து அனுப்பி, எல்லாம் ஆன பிறகுதான் எங்களிடம் பேசினார். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிறது, அதனால் உள்ளே ரத்தம் அளவு குறைந்து கெட்டியாகிறது, கை காலுக்குப் போதிய ரத்தம் போவதில்லை, அதுதான் அவை சில்லிடுவதற்குக் காரணம் என்று விளக்கினார். மருந்து என்று பெரிதாக ஒன்றும் இல்லை, டிரிப்ஸ்தான், ஆனால் அதை மணிக்கு மணி அளந்து ஏற்றினார்கள். அளவு குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் நுரையீரலில் நீர் சேரும். கசிவு நின்றதும் டிரிப்ஸைக் குறைத்தார்கள், சொந்தக்காரர்கள் "ஏன் நிறுத்துறாங்க" என்று சண்டைக்கு வந்தார்கள், அது வேறு கதை. அவர்கள்தான் கிரிக்கெட் ஸ்கோர் கேட்பது போல பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணு) எத்தனை, எத்தனை என்று போன் போட்டுக்கொண்டே இருந்தவர்களும். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே, "எல்லாரும் பிளேட்லெட்டைக் கேக்குறாங்க, மூத்திரம் போனானான்னு ஒருத்தரும் கேக்கல" என்றார். ராத்திரி டியூட்டி சிஸ்டர்கள் அந்த மூத்திரத்தைத்தான் மில்லி கணக்கில் குறித்துக்கொண்டிருந்தார்கள். முகம் சுளிக்காமல் செய்த உங்கள் எல்லோருக்கும் நன்றி.

மருந்துக்கடைத் தம்பியை விட்டுவிடக் கூடாது. காய்ச்சல் கொதித்த நாளில் எங்கள் உறவுக்காரர் ஒருவர் போய் "பாராசிட்டமால் கேக்கல, இன்னும் ஸ்ட்ராங்கா குடு" என்று இபுபுரோஃபென் கேட்டிருக்கிறார். டெங்கு இருக்கும்போது அது ரத்தக் கசிவைக் கூட்டும், ஆஸ்பிரினும் அப்படித்தான், தர மாட்டேன் என்று தம்பி மறுத்துவிட்டார், இவரும் கோபித்துக்கொண்டு வந்தார். அதோடு விடாமல் எனக்குப் போன் செய்து பிள்ளையின் எடையைக் கேட்டார். 18 கிலோ. பாராசிட்டமால் சிரப் 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ளதும் இருக்கிறது, 250 உள்ளதும் இருக்கிறது, இரண்டும் ஒரே நிறமாகக்கூட இருக்கும், அதனால் உங்கள் வீட்டுப் பாட்டிலின் லேபிளைப் படியுங்கள் என்று சொல்லி, டாக்டர் எழுதிய அளவோடு ஒத்துப் பார்த்துக் கொடுத்தார். வியாபாரம் போனாலும் பரவாயில்லை என்று இருந்தீர்களே தம்பி, அந்த உறவுக்காரரும் இப்போது உங்கள் பக்கம்தான்.

அப்பத்தாவுக்கும் ஒரு வார்த்தை. நிலவேம்புக் கஷாயம் காய்ச்சி வைத்திருந்தார், பிள்ளை வாந்தி எடுக்கிறான் என்றதும் அதை வற்புறுத்தாமல் ஸ்பூன் ஸ்பூனாகக் கஞ்சித் தண்ணி கொடுத்தது அவர்தான்.

கடைசியாக, கொசுப்புழு ஒழிக்க வந்த பணியாளர்கள். முற்றத்து மழைத் தண்ணீரைப் பிடித்து வைக்கிற அண்டாக்களை டார்ச் அடித்துப் பார்த்து ஆச்சியிடமே சத்தம் போட்டார்கள். ஆச்சிக்கு முகம் சிவந்துவிட்டது, ஆனால் மறுநாளே எல்லாவற்றுக்கும் வேட்டித் துணி கட்டிவிட்டார். இந்தக் கொசு பகலில் கடிக்கிறது, நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது, காய்ந்த பாத்திரத்தின் ஓரத்தில்கூட முட்டை மாதக்கணக்கில் இருக்கும், அதனால் வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார்கள். வெயிலில் வீடு வீடாக வந்து திட்டும் வாங்கிக்கொண்டு போகிற வேலை.

அவர்கள் சொன்ன ஒரு குறையை இங்கே எழுதுவதும் நன்றிக்கடனில் சேர்த்திதான். பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளுக்குள் அவர்களால் போக முடியவில்லை. சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு கல்யாணத்துக்கும், முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் மட்டும் வந்து போகிறவர்கள், ஐப்பசி கார்த்திகை மழைக்கு முன்னால் சாவியைப் பக்கத்தில் யாரிடமாவது கொடுத்து வையுங்கள். ஆள் இல்லையென்றால் எங்கள் ஆச்சி வாங்கி வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார், அண்டாக்களைக் கவிழ்க்க நான் வருகிறேன்.