ஒரே பிள்ளை, மூன்று ரிஜிஸ்டர்: மாவட்ட அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர், முதன்மைக் கல்வி அலுவலர், மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர், குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். நால்வருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன். தனித்தனியே எழுதினால், ‘இது எங்கள் துறை சார்ந்ததல்ல’ என்று நான்கு பதில் வரும். பட்ட அனுபவம் உண்டு.

நான் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. போன வருஷம் என் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் சத்துணவுத் தட்டை எடுப்பதை நிறுத்தினாள். அப்புறம் பேசுவதையும் நிறுத்தினாள். தாலுகா மருத்துவமனைக்கு வாரம் ஒரு நாள் மனநல மருத்துவர் வருகிறார் என்று கண்டுபிடிக்கவே எங்களுக்குப் பத்து நாள் ஆனது. அவள் அம்மா கூலி வேலைக்குப் போகிறவர். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, மகளோடு இரண்டு பஸ் மாறிப் போனார். அன்று மருத்துவர் முகாமுக்குப் போயிருந்தார். அடுத்த வாரம் மறுபடியும் போய்ப் பார்த்தார்கள். அது முடிந்ததும் வேறொரு அலுவலகத்திலிருந்து ஒருவர் பள்ளிக்கு வந்து, நானும் மருத்துவரும் கேட்ட அதே கேள்விகளை அவளைத் தனியே உட்கார வைத்துக் கேட்டார். மூன்று பேரிடம் ஒரே கதையைச் சொன்ன பிள்ளை, அதற்குப் பிறகு தோழியிடம்கூட வாயைத் திறக்கவில்லை. வகுப்பில் அவளிடம் எப்படி நடந்துகொள்வது, எதைத் தவிர்ப்பது என்று எனக்கு இன்றுவரை யாரும் சொல்லவில்லை. ஆனால் மூன்று ரிஜிஸ்டரிலும் அவள் பெயர் பிழையில்லாமல் இருக்கும்.

பணம் இல்லை என்பது தெரியும். ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததால், பள்ளிக் கல்விக்கு ஒன்றிய அரசு தரும் 2024-25-க்கான சமக்ர சிக்ஷா நிதி சுமார் 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றம் போனது. யார் பக்கம் நியாயம் என்பதில் எனக்கும் ஒரு கருத்து உண்டு. அது இந்த மடலுக்கு வேண்டாம். கை இறுகும்போது எது முதலில் தள்ளிப்போகும் என்பதுதான் என் கவலை. கூரை ஒழுகினால் எல்லோருக்கும் தெரியும். ஆலோசகர் இல்லாதது யாருக்குத் தெரியும்?

2025 ஜூலையில் அதே உச்ச நீதிமன்றம், 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்களில் குறைந்தது ஓர் ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ இருக்க வேண்டும் என்றது. அதைவிடச் சிறியவை வெளியிலுள்ள மனநல வல்லுநர்களோடு முறையான தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும் என்றது. எங்கள் பள்ளியில் 240 பேர் படிக்கிறார்கள். ஆலோசகர் வரவில்லை. சரி, வரும்வரை சின்னப் பள்ளிக்குச் சொன்னதையாவது எங்களுக்குச் செய்து தரலாமே?

ஆட்கள் இல்லாமல் இல்லை. மாவட்ட மனநலத் திட்டம் 1996-இலேயே தொடங்கியது. பிள்ளைகளின் பல்லையும் கண்ணையும் பார்க்க மருத்துவக் குழு ஆண்டுதோறும் பள்ளிக்கே வருகிறது. எங்கள் சுவரில் 14417 (கல்வி), 1098 (குழந்தைகள்), 104 (மருத்துவம்), 14416 (மனநலம்) என்று நான்கு உதவி எண்கள் வரிசையாக இருக்கின்றன. “இதுல எந்த நம்பருக்கு, டீச்சர், போன் பண்ணணும்?” என்று ஓர் ஆறாம் வகுப்புப் பையன் கேட்டான். அவன் வீட்டு போன் அப்பா சட்டைப் பையில் இருக்கிறது என்பது வேறு விஷயம். பிள்ளைகள் எழுதிப் போட பள்ளியில் வைத்திருக்கும் ‘மாணவர் மனசு’ பெட்டியில் புகார் விழுந்தால் என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியும். ‘எனக்குத் தூக்கமே வரல’ என்று ஒரு சீட்டு விழுந்தால்?

நான் கேட்பதற்குப் பெரிய செலவில்லை. பள்ளியிலிருந்து அனுப்பும் பிள்ளைக்கு நான்கு துறையும் ஏற்கும் ஒரே பரிந்துரைச் சீட்டு வேண்டும். அதன் அடியில் கிழித்துத் திருப்பி அனுப்ப ஒரு துண்டு இருக்கட்டும். நோயின் பெயர் அதில் வேண்டாம். அது பிள்ளையின் அந்தரங்கம். பார்த்தாயிற்று, அடுத்து வரவேண்டிய தேதி இது, வகுப்பில் இப்படி நடந்துகொள்ளுங்கள் என்ற மூன்று வரி போதும். முதலில் கேட்டவர் எழுதியதை, பெற்றோர் சம்மதத்தோடு அடுத்தவர் படித்துவிட்டு வரட்டும். மருத்துவர் வராத நாளை முதல் நாள் சாயங்காலமே வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டால் ஒரு தாயின் கூலி மிஞ்சும். மாதம் ஒருமுறை கல்வித் துறையின் வட்டார வள மையத்திலேயே மருத்துவர் உட்கார முடிந்தால் இரண்டு பஸ்ஸும் மிஞ்சும்.

இன்னொன்று. துறைகள் ஒன்றுசேர்ந்துவிட்டன, இனி ஆலோசகர் பணியிடம் எதற்கு என்று யாராவது கோப்பில் எழுதிவிடாதீர்கள். ஒரு நாள் பயிற்சியில் என்னை ஆலோசகராக்கிவிடவும் முடியாது. நான் கவனிப்பேன், பக்கத்தில் உட்காருவேன், உங்களிடம் கொண்டு வந்து சேர்ப்பேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி நடிப்பது ஆபத்து.

ஒருங்கிணைப்புக் கூட்டம் போட்டு, டீ குடித்து, போட்டோ எடுப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். மனநல மருத்துவர் தாலுகா மருத்துவமனைக்கு வரும் கிழமை எது, அன்று யாரைக் கேட்டு வரவேண்டும், அவர் போன் எண் என்ன என்று ஒரு வரி ஒவ்வொரு பள்ளிக்கும் அனுப்புங்கள். எங்கள் தகவல் பலகையில் நானே எழுதி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை