வெள்ளை யானைக்குக் கைகொடுத்த எல்லோருக்கும் நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

கலை வரலாற்று முதுகலைப் படிப்பின் கடைசிப் பருவத்தில் ஓர் ஆய்வும், அதை ஒட்டி ஒரு படைப்பும் செய்து கொடுக்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறையைச் சுற்றியுள்ள உட்சுற்றுச் சுவரில், தேவாரம் பாடிய நாயன்மாரான சுந்தரர் வெள்ளை யானை ஏறிக் கயிலைக்குப் போகும் சோழர் ஓவியம் இருக்கிறது. அதில் யானையையும் சுந்தரரையும் குதிரையில் விரையும் அவர் நண்பரான சேர மன்னர் சேரமான் பெருமாளையும் மட்டும் எடுத்துக்கொண்டேன். அன்று எழுதிய முறையிலேயே, ஈரச் சுண்ணாம்புப் பூச்சின் மேல், நீரில் குழைத்த மண் நிறங்களால் எழுதிப் பார்ப்பதுதான் திட்டம். அந்த வேலை முடிந்துவிட்டது. மதிப்பீடும் முடிந்து, ஓவியம் இப்போது எங்கள் துறைக் கூடத்தில் இருக்கிறது. தனியாளாக இதைச் செய்திருக்கவே முடியாது.

முதல் நன்றி சுண்ணாம்பு வேலை சொல்லித்தந்த கொத்தனார் ஐயாவுக்கு. பழைய வீடுகளையும் கோயில் மதில்களையும் காரை பூசிப் பழுது பார்க்கிறவர் அவர். "பாக்கெட் சுண்ணாம்பெல்லாம் வேண்டாம் தம்பி" என்று சொல்லிவிட்டு, சுட்ட கிளிஞ்சலைத் தாமே வாங்கிவந்து, நீற்றி, தண்ணீருக்கடியில் ஊறப்போட்டார். பல வாரம் ஊறிய பிறகுதான் அது வெண்ணெய் போல ஆனது. அதுவரை அதில் கைவைக்க விடவில்லை. கருங்கல் பலகையைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, முதலில் பருமணல் கலந்த பூச்சு, அது இறுகியதும் மேலே மென்மையான பூச்சு. கரணையால் அழுத்தித் தேய்த்துக்கொண்டே வருவார். மேலே நீர் கசிந்து, பிறகு அந்தப் பளபளப்பு மங்கும் நேரம் ஒன்று வரும். விரல் வைத்தால் குளிர வேண்டும், ஆனால் சுண்ணாம்பு ஒட்டக்கூடாது. "இப்ப எழுது" என்பார். நிறம் உள்ளே இறங்குவது அந்த நேரத்தில்தான். பூச்சு காய்வதற்குள் எழுதி முடிக்கக்கூடிய அளவுக்குத்தான் ஒரு நாளைக்குப் பூச வேண்டும் என்பதால் யானைக்கு ஒரு நாள், குதிரைக்கு ஒரு நாள் என்று பிரித்துக்கொடுத்ததும் அவர்தான். நூல்களில் நான் வரிகளாகப் படித்திருந்ததை அவர் விரல்நுனியில் வைத்திருந்தார்.

இதற்குள் இருக்கும் வேதியியலைப் புரியவைத்த வேதியியல் துறை அம்மாவுக்கும் நன்றி. கிளிஞ்சலைச் சுடும்போது கரியமில வாயு வெளியேறிவிடுகிறது. பூச்சாகக் காயும்போது சுண்ணாம்பு அதே வாயுவைக் காற்றிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு கல்லாக இறுகுகிறது. நிறத்துகள்கள் அந்தக் கல்லுக்குள்ளேயே பிடிபட்டு நிற்கின்றன. பசை எதுவும் தேவையில்லை. ஆனால் ஈரச் சுண்ணாம்பின் காரத்தைத் தாவரச் சாயங்களில் பல தாங்காது. அதனால் மஞ்சள் காவி, செங்காவி, பச்சை மண், கரி ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டேன். யானையின் வெண்மைக்குச் சுண்ணாம்பே போதுமானதாக இருந்தது.

நூலகத்தில் பழைய இதழ்த் தொகுதிகளைத் தூசி தட்டி எடுத்துக்கொடுத்த அண்ணனை எப்படி மறப்பேன்! அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி 1931இல் நாயக்கர் கால ஓவியப் பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதைக் கண்டறிந்தார். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன், இவை ஈரப்பூச்சில் எழுதப்பட்டவை என்பதை 1930களில் ஆராய்ந்து சொன்னார். பின்னாளில் தொல்லியல் துறையின் வேதியியலாளர்கள் மேலிருந்த நாயக்கர் ஓவியங்களை அழிக்காமல் தனியே பெயர்த்தெடுத்துக் கண்ணாடியிழைப் பலகைகளில் ஏற்றினார்கள். ஒரு காலத்தைக் காட்டுவதற்காக இன்னொரு காலத்தைக் காவு கொடுக்காத அந்தப் பொறுமைக்கு நான் மனதாரக் கும்பிடு போடுகிறேன். உட்சுற்று பொதுமக்களுக்குத் திறந்ததில்லை. கோயில் வளாகத்து விளக்கக் கூடத்தில் படங்களைப் பார்த்து நான் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது நாற்காலி போட்டுத் தந்த பணியாளருக்கும் நன்றி.

அப்புறம், ஓதுவார் ஐயா. யானை அமைதியாக நடப்பது போலத்தான் என் முதல் வரைவு இருந்தது. அதைப் பார்த்தவர் ஒன்றும் சொல்லாமல் 'தானெனை முன்படைத்தான்' பதிகத்தைப் பஞ்சமப் பண்ணில் பாடினார். கயிலை போகும் வழியில் சுந்தரர் பாடியதாகச் சொல்லப்படும் பதிகம் அது. முதல் பாட்டிலேயே 'மத்தயானை' வருகிறது. தனக்கு அந்த யானையை அனுப்பிய அருளைச் சுந்தரர் வியந்து பாடுகிறார். கேட்டு முடித்ததும் யானையின் முன்காலையும் துதிக்கையையும் மாற்றி வரைந்தேன். என் ஓவியத்தில் ஏதாவது உயிர் இருந்தால் அது அவர் குரலால் வந்தது.

என் நெறியாளர் அம்மாவுக்குச் சொல்ல வேண்டியது நிறைய. ஆய்வின் திசையை மாற்றியது அவர் கேட்ட ஒரே கேள்வி: "இந்த ஓவியர் எந்தக் கதையைப் படித்திருப்பார்?" கோயில் 1010இல் நிறைவு கண்டது. சேக்கிழாரின் பெரியபுராணமோ இரண்டாம் குலோத்துங்கன் காலத்தது, 12ஆம் நூற்றாண்டு. ஆகவே, அதில் இந்தக் கயிலைப் பயணத்தைச் சொல்லும் வெள்ளானைச் சருக்கத்தை விளக்க வரைந்த படம் என்று இதைப் பார்க்க முடியாது. சேக்கிழாருக்கு முன்பே, பதிகம் வழியாகவும் வாய்மொழியாகவும் வழங்கிவந்த கதையைச் சுவரில் எழுதியிருக்கிறார்கள். பெரியபுராணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓவியத்தைப் படிப்பதுதான் நம் வழக்கம். ஓவியத்தைக் கையில் வைத்துக்கொண்டு பெரியபுராணத்தைப் படிக்கலாமே என்ற எண்ணம் எனக்கு அங்கேதான் பிறந்தது. என் ஆய்வேட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான்.

கருங்கல் பலகை தந்த சிற்பப் பட்டறை அண்ணன்களுக்கும், அதை மாடிப்படியில் தூக்கிவந்த வகுப்புத் தோழர்களுக்கும், கொல்லைப்புறம் முழுக்கச் சுண்ணாம்பானதைப் பொறுத்துக்கொண்ட அம்மாவுக்கும் அத்தைக்கும் நன்றி.

ஓவியம் இந்தப் பருவம் முடியும்வரை கூடத்தில் இருக்கும். கொத்தனார் ஐயாவும் ஓதுவார் ஐயாவும் அவசியம் வந்து பார்க்க வேண்டும். அழைத்துவர நானே வருகிறேன். மீதமான சுண்ணாம்பு துறையின் பின்புறத் தொட்டியில் தண்ணீருக்கடியில் இருக்கிறது. தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் கெடாது. நாளாக ஆகத் தரம் கூடும். அடுத்த ஆண்டு மாணவர்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். வெறுங்கையால் மட்டும் தொடாதீர்கள், கையைப் புண்ணாக்கிவிடும்.

அன்புடன்,
கலை வரலாறு, முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவன்