"போன தடவை வந்த டிரைவரையே அனுப்புவீங்களா?"

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வண்டி பேச வரும்போது உங்களில் பலர் முதலில் கேட்பது மேலே இருக்கும் கேள்விதான். திருச்செந்தூருக்குப் பத்திரமாகக் கூட்டிப் போய் வந்தவரையே கொல்லிமலைக்கும் அனுப்பச் சொன்ன ஒரு குடும்பத்துக்குச் சென்ற வாரம் முடியாது என்று சொன்னோம். அவர்களுக்கு மனவருத்தம். அந்த டிரைவர் மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அவருக்கு மலை இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான்.

கொல்லிமலை அடிவாரத்தில் உள்ள காரவள்ளியிலிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இன்ஜின் பிடிமானத்தோடு இறங்க வேண்டும். காலை பிரேக்கிலேயே வைத்து இறங்கினால் டிரம் சூடேறி, மிதிக்க மிதிக்க பிரேக் பிடிக்காமல் போகும். நாலுவழிச் சாலையில் 15 வருடம் ஓட்டியவருக்கும் இந்தப் பழக்கம் தானாக வராது. அதனால் மலைக்குப் புதியவரை முதலில் காலி வண்டியில், பழகிய ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஏற்காட்டுக்கு அனுப்புகிறோம். அங்கே 20 வளைவுகள். அது கைவந்த பிறகே கொல்லிமலை.

வண்டி மாறினாலும் இதே கதை. பெரிய பஸ்ஸில் முன்சக்கரம் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கும். திருப்பத்தைத் தான் தாண்டிய பிறகே அவர் ஸ்டீயரிங்கை ஒடிக்க வேண்டும். ஒடிக்கும்போது வால் பக்கம் வெளியே வீசுவதையும் கண்ணாடியில் பார்க்க வேண்டும். வேனிலேயே பழகிய கை அவசரப்பட்டு முன்பே ஒடித்துவிடும். பின்பக்கம் இன்ஜின் உள்ள ஏசி பஸ்ஸில் சத்தமும் கேட்காது, குலுக்கலும் தெரியாது. 60-ல் போவதாக நினைத்தால் முள் 80-ல் நிற்கும். ஹெவி லைசன்ஸும் பேட்ஜும் இருப்பதாலேயே எல்லா வண்டியையும் ஒருவரிடம் கொடுக்க எங்களுக்கு மனம் வராது.

பில்லில் ஏன் இரண்டு டிரைவருக்குப் பேட்டா என்றும் கேட்கிறீர்கள். தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காமல் அரை மணியாவது ஓய்வு, நாளுக்கு 8 மணி நேர வேலை என்று 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்குச் சட்டம் போட்டார்கள். பகலெல்லாம் ஓட்டியவரை ராத்திரியும் ஓட்டச் சொல்ல மாட்டோம். சபரிமலை மாதிரி தூரத்துக்கு இரண்டு டிரைவர்கள் வருவார்கள். இதில் பேரம் வேண்டாம்.

உங்களிடம் கேட்பது இரண்டு. போகிற இடங்கள் அத்தனையும் புக்கிங்கின்போதே சொல்லுங்கள். மேட்டூர் அணை பார்க்கப் போய்விட்டு, "அப்படியே ஏற்காட்டையும் பார்த்துட்டு வந்துடலாம்" என்று வழியில் டிரைவரை வற்புறுத்தாதீர்கள். அவர் மறுத்தால் நாங்கள் சொல்லித்தான் மறுக்கிறார். ராத்திரி தங்கும் இடத்தில் அவருக்கும் ஒரு படுக்கை ஏற்பாடு செய்யுங்கள். கொசுக்கடியில் சீட்டில் சாய்ந்து கிடந்தவர்தான் காலையில் உங்கள் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மலை இறங்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் டிராவல்ஸ் அலுவலகம்,
சேலம்