மேசை மேல் கார்புரேட்டர்

அன்பு மகனுக்கு,

நீ அனுப்பிய போட்டோவை நாலு நாளாகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ராயக்கோட்டை ரோட்டுப் பட்டறையில் நான் கழற்றிய அம்பாசடர் கார்புரேட்டருக்கெல்லாம் காற்று போக ஒரே வழிதான். உன் குவாட்ராஜெட் கார்புரேட்டருக்கு முன்னால் சின்னதாக இரண்டு, பின்னால் பெரிதாக இரண்டு. 1972 செவர்லே வண்டியுடையதை என் மகன் தானே பிரித்துப் போட்டிருக்கிறான் என்று டீக்கடையில் எல்லோரிடமும் காட்டினேன்.

பெட்ரோல் வரும் ஜெட் துளையில் கம்பி விடாதே. மயிரிழை பெரிதானாலும் பெட்ரோல் கூடிப்போய்க் கறுப்புப் புகை தள்ளும். ஊறவைத்துக் காற்றடித்தால் போதும். ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் கிளீனரில் போடாதே. உள்ளே மிதக்கும் பழைய ஃப்ளோட்டை மாற்றிவிடு. அது பெட்ரோலைக் குடித்துக் கனத்திருக்கும், பார்த்தால் ஒன்றும் தெரியாது. கனத்தால் மிதக்காது, பெட்ரோல் வரும் வழியை ஊசி மூடாது, பெட்ரோல் வழிந்துகொண்டே இருக்கும். மேல்மூடியில் சின்ன வழிகளை ஒட்டிப் பள்ளத்தில் இரண்டு திருகு உண்டு, மாட்டும்போது மறக்காதே. ஒரேயடியாக முடுக்காதே, மூடி வளைந்துவிடும்.

அது சாப்பாட்டு மேசை அல்லவா, தம்பி? பெட்ரோல் வாடை அடிக்குமே, மருமகள் ஒன்றும் சொல்லவில்லையா? பக்கத்தில் ஒரு டம்ளர்தான் இருந்தது. பொங்கலுக்கு அப்புறம் அவள் குரலை நாங்கள் கேட்கவில்லை. நீயும் போனில் வண்டியைப் பற்றி மட்டும்தான் பேசுகிறாய். சரி, விடு. துளையில் மட்டும் கம்பி விடாதே.

நீ மூன்றாவது படிக்கும்போது அம்மா பாலக்கோட்டில் இரண்டு மாதம் இருந்தாளே, பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று உன்னிடம் சொன்னேன். பாட்டி நன்றாகத்தான் இருந்தார். நான் சொன்ன ஒரு சொல்லுக்காகத்தான் அவள் போனாள். அந்த இரண்டு மாதமும் ராத்திரி பத்து மணி வரை பட்டறையில் உட்கார்ந்து, நன்றாக ஓடுகிற வண்டியின் கார்புரேட்டரைக்கூடக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். வேலை இருக்கிறது என்று உன்னைப் பக்கத்து வீட்டில் சாப்பிட வைத்தேன். காவேரிப்பட்டணம் வழியாக ஒரு பஸ் ஏறினால் போதும், போய்க் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. கடைசியில் அவளாகத்தான் வந்தாள். இன்றுவரை அவளிடம் அதைப் பற்றி நான் பேசியதில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

அம்மா பெங்களூரா மாங்காயில் ஊறுகாய் போட்டிருக்கிறாள். இரண்டு பாட்டில், ஒன்று மருமகளுக்கு. இரண்டையும் ஒரே முகவரிக்கு அனுப்பலாமா என்று எழுது.

அப்பா
கிருஷ்ணகிரி