நீல அம்புக்குறிக்குக் கீழே ஒரு பலகை வேண்டும்

தென் இங்கிலாந்தின் சவுத் டவுன்ஸ் தேசியப் பூங்காவின் பாதைகளைப் பராமரிக்கும் பொறுப்பில் உள்ள அனைவருக்கும்,

வணக்கம்.

கடந்த நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டிட்ச்லிங் பீக்கன் என்னும் உச்சிக்கு அருகே, குன்றின் வடக்கு முகத்தில் இறங்கும் ஒரு பாதையின் கதவருகே நானும் என் அக்காள் மகனும் நின்றோம். அவனுக்குப் பதினான்கு வயது. கதவுக் கம்பத்தில் நீல அம்புக்குறி இருந்தது. "நீலம்தானே மாமா, இறங்கிவிடலாமா?" என்று கேட்டான். மலைச் சைக்கிளுக்கென்று காடுகளில் வெட்டிய தடங்களில் ஓட்டிப் பழகியவன் அவன். அங்கே பச்சை எளிது, நீலம் நடுத்தரம், சிவப்பு கடினம், கறுப்பு மிகக் கடினம். அந்தக் கணக்கை வைத்துத்தான் கேட்டான். குதிரைப்பாதையின் நீலத்துக்குப் பொருள் வேறு. இந்த வழியே நடக்கலாம், குதிரையில் போகலாம், சைக்கிளில் போகலாம் என்று உரிமையை மட்டும் சொல்லும் நீலம் அது. எனக்கு அது தெரியும். தெரிந்தும் விளக்காமல் தலையசைத்தேன். அந்தத் தவறு என்னுடையது.

மூன்று நாள் மழை அன்று காலையில்தான் விட்டிருந்தது. அந்த வடக்குச் சரிவில் குளிர்காலத்தில் வெயில் விழுவதே அரிது. பாதை வெள்ளையாக, பார்வைக்கு உறுதியாகத்தான் இருந்தது. நாற்பது அடி இறங்கியிருப்பான். வெற்றிலையில் தடவக் குழைத்த சுண்ணாம்பைப் போன்ற ஒரு மெல்லிய பூச்சு பாறை மேல் படிந்திருந்தது. முன்பிரேக்கை அவன் தொட்ட நொடியில் சக்கரம் பக்கவாட்டில் ஓடியது. விழுந்த இடத்தில் உடைந்த சிக்கிமுக்கிக் கல் ஒன்று விளிம்பு மேலாகப் புதைந்து கிடந்தது. முழங்காலில் ஐந்து தையல். சைக்கிளைத் தூக்கி நிறுத்தியபோது டயரின் பற்கள் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. இடைவெளியெல்லாம் வெள்ளைப் பசை அடைத்து, டயர் மொழுமொழுவென்று இருந்தது.

கரும்பலகையில் எழுதும் சாக்கட்டியாகவே நம்மில் பலர் அறிந்த சுண்ணக்கல்தான் இந்தக் குன்றுகளின் உடல். டைனோசர்கள் வாழ்ந்த காலத்துக் கடலில், கண்ணுக்குத் தெரியாத பாசிகளின் ஓடுகள் படிந்து படிந்து உருவானது. மழைநீரை உறிஞ்சி உள்ளே விட்டுவிடும் கல் என்பதால் மேட்டு முகடுகள் சீக்கிரம் காய்ந்துவிடுகின்றன. ஆனால் நடந்தும் ஓட்டியும் மெருகேறிய மேற்பரப்பு, நிழலில் நாள்கணக்கில் வழுக்கலாகவே கிடக்கிறது. ஜூலையில் புழுதி பறக்கச் சிரித்துக்கொண்டே இறங்கிய அதே பாதை நவம்பரில் வேறொரு பாதை. கருங்கல் நாட்டிலோ மணல் நாட்டிலோ ஒரு தடத்துக்கு ஒரு நிறத்தைக் கொடுத்தால் ஓரளவு நிற்கும். சுண்ணக்கல் நாட்டில் நிற்காது.

இந்த நிலம் தானாகவே மூன்று வகுப்பாகப் பிரிந்து கிடப்பதுதான் எனக்கு வியப்பு. தெற்கே கடலை நோக்கிப் பண்ணை வயல்களின் ஊடாக நீளமாகச் சாயும் சரிவு, புதிதாகப் பழகுகிறவருக்கு ஏற்றது. நடுவே முகடு. வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை 160 கிலோமீட்டர் ஓடும் சவுத் டவுன்ஸ் வே என்னும் நெடும்பாதை பெரும்பாலும் அதன் மேல்தான் செல்கிறது. ஆற்றுப் பள்ளத்தாக்கு குறுக்கிடும் இடங்களில் இறங்கி மறுபடி ஏறும்போது நெஞ்சு வலிக்கும், மற்றபடி ஓரளவு பழகியவருக்குச் சரியான பாதை. வடக்கே சுவர்போல் விழும் முகம். சசெக்ஸ் மக்கள் 'போஸ்டல்' என்று அழைக்கும் செங்குத்துப் பாதைகள் அங்கே இறங்குகின்றன. அவை தேர்ந்தவர்களுக்கு. இந்த மூன்றின் கம்பங்களிலும் இருப்பது ஒரே நீல அம்பு.

சட்டம் உங்களிடம் இதற்கு மேல் எதையும் கேட்கவில்லை என்பதை அறிவேன். 1968ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டம்தான் குதிரைப்பாதைகளில் சைக்கிள் ஓட்டும் உரிமையை எங்களுக்குத் தந்தது. நடப்பவருக்கும் குதிரைக்காரருக்கும் வழிவிட வேண்டும் என்று சொன்ன அதே சட்டம், சைக்கிளுக்காகப் பாதையைச் சீர்செய்து தரும் கடமை யாருக்கும் இல்லை என்றும் சொல்லிவிட்டது. எனவே உரிமையென்று எதையும் கோரவில்லை. உங்களால் முடியும், செய்தால் பலருக்கு நல்லது என்பதால் கேட்கிறேன்.

வடக்கு முகத்தில் இறங்கும் ஒவ்வொரு குதிரைப்பாதையின் மேல் கதவிலும், அம்புக்குறிக்குக் கீழே, உள்ளங்கை அகலத்தில் ஒரு பலகை வையுங்கள். நிறம் வேண்டாம். நாலு வரி போதும்: 'அடுத்த 800 மீட்டர் செங்குத்து இறக்கம். மழைக்குப் பின் கல் வழுக்கும். நடுவே ஆழமான சக்கரத் தடம். எளிய இறக்கம் கிழக்கே 2 கிலோமீட்டரில்.' கடைசி வரிதான் மிக முக்கியம். மேலே வந்து நின்றுவிட்ட ஒருவருக்கு, வேறு வழி இருக்கிறது என்று தெரிந்தால்தான் துணிந்து திரும்ப முடியும். பத்துப் பேர் பார்க்க நிற்கும் பதினான்கு வயதுப் பையனுக்கு அந்த ஒரு வரி எவ்வளவு பெரிய துணை என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

இந்த மடலின் ஆங்கில வடிவத்தையும் உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். தமிழிலும் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. லண்டனின் குரோய்டன், டூட்டிங் பக்கத்திலிருந்து ஞாயிறுதோறும் என்னுடன் ரயிலேறி வரும் குடும்பங்கள் தங்களுக்காக என்ன கேட்கப்படுகிறது என்பதைத் தங்கள் மொழியில் படிக்க வேண்டும் என்று விரும்பினேன். அவர்களில் பலர் நாற்பது வயதுக்குப் பிறகு மறுபடி சைக்கிள் எடுத்தவர்கள். முதல் மாதம் அவர்களைப் பழைய ரயில் தடங்களில் ஓட்டச் சொல்வேன். ஷோர்ஹாம் வரை வரும் டவுன்ஸ் லிங்க், சிச்செஸ்டரிலிருந்து வடக்கே போகும் சென்சூரியன் வே, மியோன் பள்ளத்தாக்கின் பாதை எல்லாம் ரயில் போன காலத்துச் சமதளத்தில் சுகமாக ஓடுபவை. அதற்குப் பிறகு எங்கே கூட்டிப்போவது என்பதில்தான் ஒவ்வொரு முறையும் திகைக்கிறேன். ஏணியில் கீழ்ப்படி இருக்கிறது, மேல்படியும் இருக்கிறது. நடுப்படியாக இருக்க வேண்டிய தெற்குச் சரிவின் பண்ணைப் பாதைகளை வட்டமாக இணைத்து, ஒரு மணி நேரத்தில் சுற்றி வரக்கூடிய வழியாகக் குறித்துக் காட்டினாலே போதும். புதிதாக ஓர் அடி மண்கூட வெட்ட வேண்டியதில்லை.

கடினமான பாதைகளை நிரவி எளிதாக்கிவிடாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். போஸ்டல்களின் வேரும் கல்லும் படிக்கட்டும் அப்படியே இருக்கட்டும். பல ஆண்டு பயிற்சிக்குப் பின், கால் ஊன்றாமல் ஒன்றை இறங்கி முடித்த அன்று எனக்குக் கிடைத்த மகிழ்ச்சி என் அக்காள் மகனுக்கும் ஒருநாள் கிடைக்க வேண்டும்.

புல்வெளிக்காகவும் இதைக் கேட்கிறேன். தன் திறமைக்கு மீறிய இறக்கத்தில் மாட்டிக்கொண்டவர் என்ன செய்வார்? வழுக்கும் தடத்தை விட்டு ஓரப் புல்லில் சக்கரத்தை ஏற்றுவார். அடுத்தவரும் அதையே செய்வார். ஓரடிப் பாதை ஒரு குளிர்காலத்தில் மூன்றடியாவதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் புல்லில் குனிந்து பாருங்கள்: ஒரு சதுர மீட்டரில் நாற்பது வகைச் செடிகள் வரை இருக்கும் நிலம் அது. குதிரைலாட வடிவில் காய்க்கும் ஒரு மஞ்சள் பூச்செடி அதில் தரையோடு தரையாகப் படர்ந்திருக்கும். அடோனிஸ் நீலம் என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழு அந்தச் செடியைத் தவிர வேறெதையும் தின்னாது. ஜூன் தொடக்கத்து வெயிலில் அந்த நீலச் சிறகை ஒருமுறை பார்த்தவர் அந்த ஓரத்தில் சக்கரம் ஏற்ற மாட்டார். பார்க்காதவரை நல்ல வழியில் திருப்பிவிட ஒரு பலகையால் முடியும்.

பன்னிரண்டு இறக்கங்களைக் கோடையிலும் மழைக்குப் பிறகும் ஓட்டிப் பார்த்து, எங்கே சரிவு கூடுகிறது, எங்கே தண்ணீர் தேங்குகிறது, எங்கே கல் துருத்துகிறது என்று ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். பலகைக்கு வாசகம் எழுதும்போது பயன்படுமென்றால் முழுவதையும் தருகிறேன். கம்பத்தில் ஆணி அடிக்க ஆள் வேண்டுமென்றாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் வரத் தயாராக இருக்கிறோம். தையல் பிரித்தாகிவிட்டது, அவனும் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

இப்படிக்கு,
பதினொரு ஆண்டுகளாக இந்தக் குன்றுகளில் சைக்கிள் ஓட்டிவரும் ஒருவன்